சிவப்பும் பச்சையும் தொடுகிற இடம்

பரீட்சை, புராஜெக்ட், பார்ட் டைம் வேலை என்று இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. "உயிரோடு இருக்கிறாயா?" என்று மெயில் போட்ட மூன்று நல்ல உள்ளங்களுக்கு நன்றி. இருக்கிறேன் :-)

இந்த செமஸ்டர் எங்கள் டிசைன் வகுப்பில் வந்து மாட்டிய அசைன்மென்ட் பற்றித்தான் இந்தப் பதிவு. கேள்வி ஒரே வரி. தி வெதர் சேனல் என்கிற டிவி சேனலின் திரையை மறுபடி வடிவமைக்க வேண்டும். மேப், எழுத்து, குறியீடுகள், கீழே நிற்கும் பட்டை, எல்லாம். ஆறு வாரம் டைம். கடைசியில் வகுப்பு முன்னால் நின்று "ஏன் இப்படிச் செய்தேன்" என்று விளக்க வேண்டும். அந்தக் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இந்தச் சேனலில் இருபத்துநாலு மணி நேரமும் வானிலைதான் பிரதானம். 1982 மே 2-ம் தேதி ஆரம்பித்தது. ஜான் கோல்மன் என்ற டிவி வானிலை அறிவிப்பாளரின் யோசனை, ஃபிராங்க் பேட்டன் என்ற பத்திரிகை முதலாளியின் பணம். தலைமையகம் நான் படிக்கும் இதே ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா. "மழை வருமா வராதா என்று சொல்ல ஒரு முழு சேனலா?" என்று நானும் இங்கே வந்த புதிதில் சிரித்திருக்கிறேன். ஒரு வசந்த காலம் இங்கே இருந்து பார்த்தால் சிரிப்பு தானாக நின்றுவிடும்.

ஆரம்பத்திலேயே அவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்திருக்கிறது. அட்லாண்டாவிலிருந்து நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சி போகிறது. ஆனால் பார்க்கிறவருக்கு வேண்டியது அவரவர் ஊர் வானிலை. இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அழகானது. ஒவ்வொரு ஊர் கேபிள் ஆபீசிலும் வெதர்ஸ்டார் என்ற ஒரு பெட்டியை வைத்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி விலாசம். செயற்கைக்கோள் வழியாக வரும் சிக்னலிலேயே அந்த விலாசத்துக்கான தகவலும் வரும். பெட்டி அதைப் பிரித்தெடுத்து உங்கள் ஊர் டிவியில் மட்டும் எழுதிக் காட்டும். பிற்காலத்தில் 8-ல் முடியும் நிமிஷங்களில், அதாவது 8, 18, 28 என்று, உள்ளூர் நிலவரம் வரும் என்று ஒரு வழக்கமே ஆகிவிட்டது. முதல் பெட்டிகளுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். 1990-ல் வந்த வெதர்ஸ்டார் 4000-தான் படமும் வரைந்தது. நீலமும் ஆரஞ்சும் கலந்த பின்னணி, தடித்த எழுத்து, பின்னால் மெல்லிய ஜாஸ் இசை. அந்த இசைக்கு எவ்வளவு ரசிகர்கள் என்றால் 2007-ல் அதைத் தனி சிடியாகவே வெளியிட்டார்கள்! அந்தப் பழைய திரையை அப்படியே பிரவுசரில் ஓடும்படி செய்து வைத்திருக்கிறார்கள் சில ரசிகர்கள்.

அசைன்மென்ட்டுக்காக அதை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். இன்றைய கண்ணுக்குக் கொஞ்சம் மொக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த இயந்திரத்தால் அதிகம் முடியாது. அதனால் ஒரு திரையில் ஒரு விஷயம்தான். இப்போது வெப்பம். அடுத்தது ரேடார். அடுத்தது வரும் 36 மணி நேரம். எதையும் தேட வேண்டியதில்லை. இல்லாமையே ஒழுங்கைக் கொடுத்திருக்கிறது. 2013 நவம்பரில் சேனல் தன் திரையை மாற்றியபோது உள்ளூர் நிலவரத்தைக் கீழே ஒரு பட்டையாக நாள் முழுக்க நிறுத்திவிட்டார்கள். நல்ல வசதிதான். ஆனால் மேலே ஒருவர் பேசுகிறார், நடுவில் மேப் நகர்கிறது, கீழே எண்கள் மாறுகின்றன. கண் எங்கே போகும்?

திரையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பேராசிரியர் சொன்ன உதாரணம் இங்கிலாந்து பிபிசி. 1975-லிருந்து அவர்கள் பயன்படுத்திய மேகம், மழைத்துளி, சூரியன் குறியீடுகளை வரைந்தது மார்க் ஆலன் என்ற ஒரு கலைக்கல்லூரி மாணவர். (மாணவர்! கவனிக்க!) முதலில் காந்தத்தில் ஒட்டும் துண்டுகளாக இருந்து, பிறகு கம்ப்யூட்டருக்கு மாறி, முப்பது வருஷம் ஓடின. 2005 மே மாதம் அதைத் தூக்கிவிட்டு, விமானத்திலிருந்து பார்ப்பது போல சாய்ந்த முப்பரிமாண மேப் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நிலமெல்லாம் பழுப்பு நிறம். மேப் பறந்து பறந்து போகும். புகார்கள் குவிந்தன. பசுமையான நாடு பாலைவனமாகிவிட்டது என்றார்கள் சிலர். தலை சுற்றுகிறது என்றார்கள் சிலர். பெரிய புகார் ஸ்காட்லாந்திலிருந்து. மேப்பைத் தெற்கிலிருந்து சாய்த்துப் பார்த்ததால் லண்டன் பக்கம் பெரிதாகவும் ஸ்காட்லாந்து சுருங்கியும் தெரிந்தது. கொஞ்ச நாளிலேயே சாய்வைக் குறைத்தார்கள்.

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பாக இல்லை. மேப்பைச் சாய்த்தவர் வேண்டுமென்றா ஸ்காட்லாந்தைச் சுருக்கினார்? அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அது அழகாக இருந்திருக்கும். திரையை வடிவமைக்கிறவர் தன் கண்ணால்தான் சோதித்துப் பார்க்கிறார். வேறு கண் அவரிடம் இல்லை.

சரி, இப்போது என் கண்ணுக்கு வருகிறேன். இந்த வலைப்பதிவில் நான் இதுவரை எழுதாத விஷயம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, காலேஜில் சேர மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கப் போனபோது டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கலர் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு எண். இஷிஹாரா என்ற ஜப்பானிய டாக்டர் 1917-ல் வெளியிட்ட சோதனை அது. முதல் பக்கத்தில் இருக்கும் 12 எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. அதற்கடுத்த பக்கங்களில் எனக்கு வெறும் புள்ளிகள்தான். தோளுக்குப் பின்னால் நின்ற அப்பா ஒவ்வொரு எண்ணாக மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வெளியே வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரயில் ஓட்டவா போறே? விடுடா."

ரயில் ஓட்டப் போகவில்லை. டிசைன் படிக்க வந்துவிட்டேன் :-)

எனக்கு உலகம் கறுப்பு வெள்ளை இல்லை. நீலம் தெரியும், மஞ்சள் பளிச்சென்று தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும்தான் ஒன்றுக்குள் ஒன்று நழுவிவிடும். தக்காளி பழுத்ததா என்று அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பேன். இது அபூர்வ வியாதியும் இல்லை. வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இப்படி ஏதோ ஒரு அளவில் உண்டு. பெண்களில் 200-க்கு ஒருவர். ஆனால் கலரே தொழிலாக இருக்கிற ஒரு வகுப்பில், பக்கத்தில் இருப்பவனிடம் இதைச் சொல்ல வாய் வருமா? ஒன்றரை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

இதற்கும் வானிலைக்கும் என்ன சம்பந்தம்? போன வருஷம் மார்ச் மாதம், இரவு பதினொரு மணி. போன் அலறியது. எங்கள் பகுதிக்கு டொர்னாடோ எச்சரிக்கை. வீட்டில் நான் மட்டும். ஜன்னல் இல்லாத ஒரே அறை பாத்ரூம்தான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு உள்ளூர் சேனலின் நேரடி ஒளிபரப்பைத் திறந்தேன். அதே நேரம் என் ரூம்மேட்டிடமிருந்து போன். சூப்பர் மார்க்கெட்டில் ஷிஃப்ட் முடிந்துவிட்டதாம். "மச்சி, டிவி பார்க்கிறியா? எங்கே இருக்கு அது? கிளம்பவா, இங்கேயே இருக்கவா?"

திரையில் அறிவிப்பாளர் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: இதோ, சிவப்பும் பச்சையும் தொடுகிற இடம் தெரிகிறதா, அங்கேதான் சுழல்கிறது என்று. எனக்குத் தெரிந்தது கடுகு அரைத்துப் பூசியது போல ஒரே நிறம். திரை முழுக்கச் சிவப்பும் பச்சையும் தொட்டுக்கொண்டிருப்பது போலவும் இருந்தது, எங்கேயும் தொடாதது போலவும் இருந்தது. போனில் அவன், "என்னடா, சொல்லு" என்கிறான்.

அப்போது அந்த அம்மா விரலால் திரையில் ஒரு வட்டம் போட்டார். ஒரு சாலையின் பெயரைச் சொன்னார். அது அவன் வீட்டுக்கு வருகிற சாலை. "அங்கேயே இரு" என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் உள்ளே இறைச்சி வைக்கும் குளிர் அறைக்குள் போய் நின்றார்களாம். சூறாவளி எங்களைத் தொடாமல் வடக்கே போய்விட்டது. அவன் ஒரு மணி நேரம் கழித்து நடுங்கிக்கொண்டே வந்தான். பயத்தால் இல்லை, குளிரால்.

அந்தப் படம் என்ன என்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். வழக்கமாகப் பார்க்கும் ரேடார் படம் மழை எவ்வளவு பலம் என்று காட்டும். இது வேறு. மழைத்துளிகள் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று காட்டும் படம். அமெரிக்கா முழுக்க சுமார் 160 டாப்ளர் ரேடார்கள் இருக்கின்றன. ரேடாரை நோக்கி வருவது பச்சை, விலகிப் போவது சிவப்பு. காற்று சுழன்றால் ஒரு பக்கம் வரும், மறுபக்கம் போகும். அதனால் பளிச்சென்ற பச்சையும் பளிச்சென்ற சிவப்பும் சில கிலோமீட்டருக்குள் ஒட்டி நிற்கும். பழகிய கண் நேராக அங்கே போய் நின்றுவிடும்.

யோசித்துப் பாருங்கள். முழு மேப்பிலும் உயிர் போகிற அளவுக்கு முக்கியமான ஒரே இடத்தைக் காட்ட, பன்னிரண்டு ஆண்களில் ஒருவருக்குப் பிரித்துப் பார்க்க முடியாத இரண்டு நிறங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

"எச்சரிக்கைதான் போனில் வந்துவிட்டதே, படம் எதற்கு?" என்று கேட்கலாம். 2011 மே 22-ம் தேதி மிசூரி மாநிலம் ஜாப்ளின் நகரை ஒரு டொர்னாடோ அழித்தது. 158 பேர் இறந்தார்கள். பிறகு தேசிய வானிலை சேவை செய்த ஆய்வில் தெரிய வந்தது: பெரும்பாலானவர்கள் முதல் எச்சரிக்கையைக் கேட்டதும் ஒளியவில்லை. உண்மைதானா என்று இன்னொரு இடத்தில் உறுதி செய்துகொள்ளப் பார்த்தார்கள். மனித சுபாவம் அதுதான். அந்த இன்னொரு இடம் பல வீடுகளில் டிவி. அங்கே பார்க்கிற பத்து நொடியில் படம் புரிய வேண்டும்.

அன்றைக்கே என் அசைன்மென்ட்டுக்கு ஒரு விதி கிடைத்துவிட்டது. என் திரையிலிருந்து எல்லா நிறத்தையும் பிடுங்கிவிட்டாலும் ஆபத்து எங்கே என்று தெரிய வேண்டும். நிறம் உதவிக்கு வரலாம். நிறம் மட்டுமே சேதி சொல்லக் கூடாது.

முதலில் மழைப் படத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். அதிர்ச்சி. வழக்கமான வரிசை லேசான மழைக்குப் பச்சை, நடுத்தரத்துக்கு மஞ்சள், கனமழைக்குச் சிவப்பு. மஞ்சள்தான் மூன்றிலும் வெளிச்சமான நிறம். அதனால் நிறம் போனதும் நடுத்தர மழை வெள்ளையாக மின்னுகிறது. தூறலும் கனமழையும் ஒரே சாம்பலாக நிற்கின்றன! ஏணியின் நடுப்படி உச்சியில் இருந்தால் எப்படி ஏறுவது? அதனால் நிறம் எதுவானாலும் வெளிச்சம் ஒரே திசையில் ஏறும்படி வரிசையை மாற்றினேன். விஞ்ஞானிகள் படம் போடுவதற்கு 2015-ல் வந்த விரிடிஸ் என்ற நிற வரிசை இந்தக் கொள்கைதான்.

உச்சியில் இரண்டு படிகளைக் காலியாகவும் விட்டேன். 2017 ஆகஸ்ட்டில் ஹார்வி புயல் டெக்சாஸில் கொட்டியபோது தேசிய வானிலை சேவையின் மழை மேப்பில் நிறம் தீர்ந்துபோனது. 15 அங்குலத்துக்கு மேல் எல்லாமே ஒரே ஊதா. அவசரமாக இரண்டு ஊதாக்களைச் சேர்த்தார்கள். கடைசியில் நெடர்லாந்து என்ற ஊரில் 60 அங்குலத்தைத் தாண்டியது கணக்கு.

அடுத்தது புயல் பாதை. கடலில் புயல் வரும்போது டிவியில் ஒரு கூம்பு காட்டுவார்கள். புயலின் மையம் மூன்றில் இரண்டு பங்கு தடவை அதற்குள் இருக்கும் என்பதுதான் அதன் பொருள். நடுவில் ஒரு கோடு போட்டால் எல்லோரும் கோட்டைத்தான் பார்ப்பார்கள். 2004 ஆகஸ்ட்டில் சார்லி புயலின் கோடு ஃபுளோரிடாவில் டாம்பா பக்கம் காட்டியது. புயல் தெற்கே கயோ கோஸ்டா தீவில் கரையேறியது. 2022 செப்டம்பரில் இயன் புயலுக்கும் சில நாள் முன்பு கோடு டாம்பா பக்கம். கரையேறியது அதே கயோ கோஸ்டா! இரண்டு தடவையும் அந்த இடம் கூம்புக்குள்தான் இருந்தது. இயன் 150 பேருக்கும் மேல் பலி வாங்கியது. என் திரையில் கோடு கிடையாது.

எனக்கு மிகப் பிடித்த வானிலைப் படத்தில் நிறத்துக்கு வேலையே இல்லை. 2018 செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் புயல் வந்தபோது வெதர் சேனலே செய்தது. வீடியோ கேம் செய்யும் மென்பொருளை வைத்து, பேசிக்கொண்டிருக்கும் பெண்ணைச் சுற்றித் தண்ணீர் ஏறுவதைக் காட்டினார்கள். 3 அடி. 6 அடி. 9 அடி. கடைசியில் தண்ணீர் அவர் தலைக்கு மேலே நிற்கிறது. பக்கத்தில் நிறப்பட்டி வேண்டாம், விளக்கம் வேண்டாம். ஆள் உயரம் எல்லோருக்கும் தெரியும்.

கடைசி நாள் வந்தது. என் முதல் ஸ்லைடில் ஒரே ரேடார் படத்தை இரண்டு தடவை வைத்தேன். "இடது பக்கம் உங்களுக்குத் தெரிவது. வலது பக்கம் எனக்குத் தெரிவது. இரண்டையும் நான் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை" என்றேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பின் வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அப்போ போன செமஸ்டர் அந்த போஸ்டருக்கு எப்படிக் கலர் எடுத்தே?" "நம்பரைப் பார்த்து" என்றேன். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறத்துக்கும் எண் உண்டே! சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.

எதிர்ப்பும் வந்தது, நியாயமான எதிர்ப்பு. "வானிலைக்காரர்கள் பல வருஷமாக இந்தச் சிவப்பு பச்சையில் பழகியவர்கள். நெருக்கடியில் அவர்கள் கண்ணைக் குழப்பலாமா? பிபிசி கதை மறந்துவிட்டதா?" என்றான் ஒருவன். அதனால்தான் நான் சிவப்பைத் தொடவில்லை. பச்சையை மட்டும் நீலமாக்கினேன். வானியலில் நம்மை நோக்கி வரும் நட்சத்திரத்தின் ஒளி நீலத்துப் பக்கமும், விலகுவதன் ஒளி சிவப்புப் பக்கமும் நகரும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதே டாப்ளர் விளைவுதான். பேராசிரியர் விடவில்லை. "டிவி மேப்பில் நீலம் என்றால் பனிப்பொழிவு. குளிர்காலத்தில் என்ன செய்வாய்?" நல்ல கேள்வி. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை என்று சொன்னேன். நீலம் மட்டும் போதாது. சுழல்கிற இடத்தைச் சுற்றித் திரையே தடித்த வெள்ளை வட்டம் போட வேண்டும், இரண்டு பக்கமும் அம்புக்குறி, பக்கத்தில் சாலைப் பெயர். அறிவிப்பாளரின் விரல் செய்ததை, விரல் இல்லாத நேரத்திலும் திரை செய்ய வேண்டும். என் வடிவமைப்பில் உருப்படியான விஷயம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் ஃபான்ட் சண்டை.

மார்க் இன்னும் வரவில்லை. வந்தால் நல்ல மார்க் என்றால் மட்டும் சொல்கிறேன் ;-)

படித்த உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். போன் செட்டிங்ஸில் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு உங்கள் வானிலை ஆப்பில் ரேடார் படத்தைத் திறங்கள். எங்கே அதிகமாகக் கொட்டுகிறது என்று பத்து நொடிக்குள் காட்ட முடிகிறதா? எந்த ஆப், முடிந்ததா இல்லையா என்று பின்னூட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். லிஸ்ட் சேர்த்து அடுத்த பதிவில் போடுகிறேன்.